யார்க்‌ஷயர் கோப்பையும் தார்ன்ஸ் கிராமத்துப் பையன்களும்

லீக் ஆட்டத்தில் ஒவ்வொரு கிளப்பும் தன் படியிலேயே நிற்கும். எட்டாம் படிக்காரன் எட்டாம் படிக்காரனோடுதான் மோதவேண்டும். ஒரு சீசன் முழுக்க ஜெயித்தால் ஒரு படி ஏறலாம். ஏறி நிமிர்வதற்குள் நன்றாக ஆடிய இரண்டு பேரை மேல்படிக் கிளப் ஒன்று கூப்பிட்டுக்கொண்டு போயிருக்கும். நாக்-அவுட் கோப்பையில் இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. சீட்டுக் குலுக்குவார்கள், யார் பெயர் வருகிறதோ அவர்களோடு ஆட்டம். எண்பது நிமிடம், தோற்றவர் வெளியே. இந்தச் சின்ன ஏற்பாடு வட இங்கிலாந்தில் ரக்பி என்ற விளையாட்டை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்த விளையாட்டு பிறகு இரண்டாக உடைந்ததற்கும் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

நான் சொல்வது யார்க்‌ஷயர் கோப்பையைப் பற்றி. ரக்பி யூனியன், அதாவது பதினைந்து பேர் ஆடும் ரக்பி, கிளப்புகளுக்காக யார்க்‌ஷயர் கவுண்டிக்குள் (நம் மாவட்டம் மாதிரி) நடக்கும் போட்டி. 1877-இல் தொடங்கியது. பழைய ஆட்கள் அதைச் செல்லமாகத் 'தகரக் குவளை' என்பார்கள், வெள்ளிக் கோப்பைதான் என்றாலும். நம் ஊர்களில் பொங்கலுக்கு நடக்கும் கபடிப் போட்டியின் சுழற்கோப்பை ஞாபகம் இருக்கிறதா? மைக்கில் ஊர்ப் பெயரைச் சொன்னதும் கூட்டத்தில் ஒரு மூலை மட்டும் எழுந்து கத்துமே, அதே சூடு இதிலும் இருந்தது. ஒரு கவுண்டி முழுக்க, ஆயிரக்கணக்கான ஆலைத் தொழிலாளர்களோடு.

என் மனைவிக்கு இங்கே ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்ததால் மேற்கு யார்க்‌ஷயருக்கு வந்தோம். லீட்ஸுக்கும் வேக்ஃபீல்டுக்கும் நடுவில் ஒரு சின்ன ஊர். மகனை ஊர் ரக்பி கிளப்பின் சிறுவர் பிரிவில் சேர்த்துவிட்டு, பயிற்சி முடியும்வரை கோட்டு ஓரம் நிற்க ஆரம்பித்தேன். சும்மா நிற்பவன் கையில் யாராவது ஒரு வேலையைக் கொடுத்துவிடுவார்கள். இப்போது சனிக்கிழமை காலையில் வெள்ளைக்கோடு போடுவதும், ஆட்டம் முடிந்ததும் கொடிக்கம்புகளைப் பிடுங்கி அடுக்குவதும் என் பொறுப்பு. எங்கள் கிளப்பில் சம்பளம் வாங்குபவர் என்று யாரும் இல்லை. ஆடுபவர்களும் சந்தா கட்டித்தான் ஆடுகிறார்கள்.

சரி, 1877-க்குப் போவோம். அதற்கு ஆறு வருடம் முன்னால்தான், 1871-இல், லண்டனில் ரக்பி யூனியன் சங்கம் உருவாகியிருந்தது. நடத்தியவர்கள் பெரிய தனியார் பள்ளிகளில் படித்து வந்தவர்கள். யார்க்‌ஷயரிலும் ஆட்டத்தைக் கையில் வைத்திருந்தவர்கள் ஆலை முதலாளிகளின் பிள்ளைகள், வக்கீல்கள், வியாபாரிகள். பிராட்ஃபோர்டு, ஹடர்ஸ்ஃபீல்டு, ஹல், லீட்ஸ், யார்க் என்று ஐந்து கிளப்புகளின் ஆட்கள் சேர்ந்து கவுண்டிக் கமிட்டியை நடத்தினார்கள். சுற்றுவட்டாரத்தில் ஆட்டம் பரவ வேண்டும் என்று அவர்கள் ஒரு கோப்பையை அறிவித்தார்கள். முதல் வருடம் 16 கிளப்புகள் சேர்ந்தன.

அவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளாத ஒன்று சனிக்கிழமை மதியம். தொழிற்சாலைச் சட்டங்கள் வந்த பிறகு யார்க்‌ஷயரின் நெசவாலைகள் சனிக்கிழமை மதியத்தோடு சங்கு ஊதி மூடிவிடும். வாரம் முழுக்கத் தறி ஓசையில் நின்றவர்களுக்கு முதல்முறையாகப் பகல் வெளிச்சத்தில் சொந்தமாகச் சில மணி நேரம். ரயில் இருந்தது, சில்லறைக் காசுக்கு நாளிதழ் இருந்தது, இப்போது பக்கத்து ஊரைத் தோற்கடிக்க ஒரு காரணமும் வந்துவிட்டது. முதல் இறுதியாட்டம் லீட்ஸின் ஹோல்பெக் மைதானத்தில். ஹாலிஃபாக்ஸ் யார்க்கை வென்றது. அந்தக் கமிட்டிக்காரர்களின் ஐந்து கிளப்புகளில் ஒன்றுகூட முதல் கோப்பையைத் தொடவில்லை என்பதைக் கவனியுங்கள். ஹாலிஃபாக்ஸ் கிளப்புக்கு அப்போது வயது நான்கோ ஐந்தோதான்.

அடுத்த சீசனில் வேக்ஃபீல்டு ட்ரினிட்டி. பெயரே சொல்லும், ஹோலி ட்ரினிட்டி தேவாலயத்தின் இளைஞர் சங்கம் 1873-இல் தொடங்கிய அணி அது. 1879, 1880, 1883, 1887 என்று நான்கு முறை கோப்பையைத் தூக்கினார்கள். ஜெயித்து வரும் அணியை ரயில் நிலையத்தில் பேண்டு வாத்தியத்தோடு வரவேற்று, தெருவெல்லாம் ஆள் நிற்க ஊர்வலமாகக் கூட்டிப்போவது வழக்கமாகிவிட்டது.

எனக்கு இந்தப் பட்டியலில் மிகவும் பிடித்த வருடம் 1882. அந்த இறுதியாட்டத்தில் வேக்ஃபீல்டு ட்ரினிட்டியை வென்றது தார்ன்ஸ். எந்த ஊர் என்று நீங்கள் கேட்டால் தப்பில்லை, இங்கேயே பலருக்குத் தெரியாது. வேக்ஃபீல்டை ஒட்டிய ஒரு கிராமம், இன்று நகரத்தோடு கலந்துவிட்டது. இரண்டு முறை கோப்பை வென்றிருந்த அணியை, கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருந்த கிராமத்துப் பையன்கள் இறுதியாட்டத்தில் வைத்து வீழ்த்தினார்கள். வழக்கமான நட்பு ஆட்டங்களாக இருந்தால், இந்த இரண்டு அணியும் எந்த நிலையில் மோதுவது என்பதைப் பெரிய கிளப்பின் செயலாளர்தான் முடிவு செய்திருப்பார். யாரோடு ஆடுவது, யாரோடு ஆடாமல் இருப்பது என்று தேர்ந்தெடுக்கும் வசதி அவர் கையில் இருந்தது. கோப்பை அந்த வசதியைப் பிடுங்கிக்கொண்டது.

லண்டன்காரர்களுக்குக் கோப்பைப் போட்டிகள் ஏன் பிடிக்கவில்லை என்று எனக்கு இங்கேதான் புரிகிறது. பந்தயப் பணம், முரட்டு ஆட்டம், கூச்சல் என்று அவர்கள் சொன்ன காரணங்கள் பொய்யில்லை. சவுத் வேல்ஸ் சேலஞ்ச் கோப்பையும் இதே காலத்தில், 1877-78-இல் தொடங்கியது. பார்வையாளர்களின் ரகளை அதில் பெரிய தலைவலியாக இருந்தது. ஆனால் அடியில் இருந்தது வேறு பயம். யார் யாரோடு ஆடலாம் என்பது தங்கள் கையை விட்டுப் போகிறது என்ற பயம்.

இதில் நம் பக்கத்து வெள்ளியும் சம்பந்தப்பட்டிருக்கிறது. கல்கத்தாவில் ஆங்கிலேயர்கள் நடத்திய ரக்பி கிளப் 1878-இல் கலைக்கப்பட்டபோது, வங்கியில் மிச்சமிருந்த பணத்தை வெள்ளி ரூபாயாக எடுத்தார்கள். 270 ரூபாய். அதை உருக்கி, நாகப்பாம்பு வடிவில் மூன்று கைப்பிடியும் மூடிமேல் ஒரு யானையும் வைத்து ஒரு கோப்பை செய்து லண்டன் சங்கத்துக்கு அனுப்பினார்கள். கிளப்புகளுக்கு இடையே வருடா வருடம் போட்டி நடத்தி இதைக் கொடுங்கள் என்பது அவர்கள் ஆசை. சங்கம் கோப்பையை வாங்கிக்கொண்டது, போட்டியை வேண்டாம் என்றது. 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதும் ஆட்டத்துக்கு அதைப் பரிசாக்கிவிட்டார்கள். இன்றும் கல்கத்தா கோப்பை என்றுதான் பெயர். இங்கிலாந்து முழுமைக்குமான கிளப் நாக்-அவுட் போட்டி வருவதற்கு 1971-72 வரை ஆயிற்று, முதலில் வென்றது குளோஸ்டர். யார்க்‌ஷயரில் ஆலைத் தொழிலாளிக்கு 1877-இலேயே கிடைத்த ஒன்று, இங்கிலாந்து முழுமைக்கும் சேர்த்துக் கிடைக்க ஏறக்குறைய நூறு வருடம் ஆயிற்று.

நான் பார்த்த ஒரு கோப்பை ஆட்டத்தைச் சொல்கிறேன். வந்த அணி எங்களைவிட இரண்டு படி மேலே. எங்களுக்கு இருந்த ஒரே பலம் ஸ்க்ரம், அதாவது எட்டுக்கு எட்டு பேர் தோளோடு தோள் பூட்டி முட்டித்தள்ளும் அந்த இடம். ஸ்க்ரமின் முன்வரிசையில் மூன்று பேர்: நடுவில் ஹூக்கர், இரண்டு பக்கமும் ப்ராப். வலது பக்க ப்ராப்தான் மொத்த பாரத்தையும் தாங்குபவர். கழுத்தும் முதுகும் பழகாத ஆளை அங்கே நிறுத்த விதி அனுமதிக்காது, தண்டுவடம் போய்விடும். பயிற்சி உள்ளவர் இல்லையென்றால் நடுவர் முட்டாத ஸ்க்ரம் என்று அறிவித்துவிடுவார். இரண்டு பக்கமும் சும்மா பிடித்துக்கொண்டு நிற்பார்கள், பந்து வெளியே வரும். அப்படி ஆனால் எங்கள் ஒரே பலமும் போச்சு.

எங்கள் வலது ப்ராப் பார்சல் வேன் ஓட்டுகிறவர். அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி அவருடைய ஷிப்ட்டை மாற்றிவிட்டார்கள். சனிக்கிழமை மதியம் வரை டெலிவரி. இரண்டாம் அணியில் ஆடும் நாற்பதைத் தாண்டிய ஒருவரை, பள்ளியில் பிளம்பர் வேலை பார்ப்பவர், அந்த இடத்தில் இறக்கினார்கள். முதல் பாதி முழுக்க அவர் தாங்கினார். நான் நின்ற பக்கத்துக் கோட்டுக்கு ஐந்து மீட்டர் தள்ளி ஒரு ஸ்க்ரம் அமைந்தது. "க்ரவுச், பைண்ட், செட்" என்று நடுவர் சொல்லி முடிப்பதற்குள் தோள்கள் மோதிய சத்தம் வயிற்றில் கேட்டது. பதினாறு பேர் முதுகிலிருந்தும் அக்டோபர் குளிரில் ஆவி பறந்தது. பிளம்பரின் வலது கை எதிராளியின் சட்டையைப் பிடித்திருந்த இடத்தில் விரல் முட்டிகள் வெளுத்துப்போயிருந்தன. கால் வழுக்கி முழங்கால் சேற்றைத் தொடப்போகும்போதெல்லாம், "இடுப்பை இறக்கு, இறக்கு" என்று ஹூக்கர் அவர் காதிலேயே கத்திக்கொண்டிருந்தார். தள்ள முடியவில்லை. ஆனால் பின்னால் போகவும் இல்லை.

இரண்டாம் பாதி தொடங்கிப் பத்து நிமிடத்தில் வேன் வந்து நின்றது. ஆள் அலுவலகப் பேண்ட்டோடே ஓடிவந்து, கார்களுக்கு நடுவில் நின்றபடி உடை மாற்றி, பூட்ஸ் கயிறு கட்டக்கட்டக் கோட்டுக்கு வந்தார். மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். அடுத்த ஸ்க்ரமில் எங்கள் எட்டுப் பேரும் எதிரணியை மூன்று மீட்டர் தள்ளிக்கொண்டு போனார்கள். மைதானத்தில் இருந்த நூறு சொச்சம் பேர் போட்ட சத்தத்தில், பக்கத்துச் சாலையில் போன பஸ் ஒன்று வேகத்தைக் குறைத்தது. ஐந்து புள்ளியில் தோற்றோம். ரக்பியில் ஐந்து என்பது ஒரே ஒரு ட்ரை, பந்தை எதிரணிக் கோட்டுக்கு அப்பால் ஒருமுறை தரையில் வைத்தால் கிடைப்பது. அவர் முதல் நிமிடத்திலிருந்தே இருந்திருந்தால் என்று யாரும் சத்தமாகச் சொல்லவில்லை. எல்லாரும் நினைத்தார்கள், நானும்தான்.

முடிந்ததும் இரண்டு அணியும் இரண்டு வரிசையாக நின்று ஒருவரையொருவர் கைதட்டி அனுப்பினார்கள். அப்புறம் கிளப் ஹாலில் சாப்பாடு: இறைச்சிப் பை (மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்டது), பக்கத்தில் மசித்த பட்டாணி, மேலே புதினா சாஸ். வந்த அணிக்குத்தான் முதல் தட்டு. பார்சல் வேன்காரர் சாப்பிடக்கூட நிற்கவில்லை. மிச்ச டெலிவரி இருந்தது.

வரலாற்றில் நான் படித்த ஒரு சண்டை அன்றைக்குக் கண்முன்னால் நடந்த மாதிரி ஆகிவிட்டது. 1880-களில் கோப்பை வளர வளர, அணிகளில் சுரங்கத் தொழிலாளர்களும் ஆலைக்காரர்களும் நிறைந்தார்கள். அவர்கள்தான் ஜெயித்துக் கொடுத்தார்கள். ஆனால் வெளியூர் ஆட்டம் என்றால் சனிக்கிழமை காலை வேலையை விட்டுவிட்டு ரயிலேற வேண்டும். அரைநாள் கூலி போகும். வக்கீலுக்கு அது ஒன்றுமில்லை. சுரங்கத்தில் நிலக்கரி வெட்டுபவனுக்கு அது அந்த வார அரிசிபருப்பு. கிளப்புகள் மறைமுகமாகக் கொடுத்துப் பார்த்தன. வேக்ஃபீல்டு ட்ரினிட்டியின் நட்சத்திரம் டெடி பார்ட்ராமை அந்தக் கிளப் உதவிச் செயலாளராக நியமித்து வருடத்துக்கு 52 பவுண்டு கொடுத்தது. அவர் பணத்துக்கு ஆடுபவர் என்று தீர்ப்புச் சொல்லி 1889-இல் தடை போட்டார்கள். இப்படிப் பிடித்துத் தண்டிப்பதில் முன்னால் நின்றவர் ஹடர்ஸ்ஃபீல்டு பக்கத்தில் ஆல்மண்ட்பரி பள்ளியின் தலைமையாசிரியர், பாதிரியார் ஃபிராங்க் மார்ஷல். விளையாட்டின் மேல் உண்மையான பிரியம் உள்ளவர். அதை எழுதி ஆவணப்படுத்தியவரும் அவர்தான். சனிக்கிழமைக் கூலியை இழந்தால் ஒரு வீட்டில் என்ன நடக்கும் என்பது மட்டும் அவர் யோசனையில் வரவில்லை என்று நினைக்கிறேன்.

1893 செப்டம்பர் 20 அன்று லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பேலஸ் ஹோட்டலில் பொதுக்கூட்டம். இழந்த கூலிக்கு ஈடு கொடுக்கலாம் என்று யார்க்‌ஷயர் சார்பில் ஜே.ஏ. மில்லர் தீர்மானம் கொண்டுவந்தார். சம்பளம் கேட்கவில்லை, ஊக்கத்தொகை கேட்கவில்லை. ஆடியதால் போன கூலியைத் திருப்பிக் கொடுக்கலாமா என்றுதான் கேட்டார். 282-க்கு 136 என்று தோற்கடித்தார்கள். இரண்டு வருடம் கழித்து, 1895 ஆகஸ்ட் 29, ஹடர்ஸ்ஃபீல்டு ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஜார்ஜ் ஹோட்டலில் வடக்கத்திய கிளப்புகள் கூடி நார்தர்ன் யூனியன் என்று தனியாகப் போயின. ஒரு நாளுக்கு ஆறு ஷில்லிங் வரை ஈடு கொடுக்கலாம் என்பது அவர்களின் விதி. முதல் சீசனில் 22 கிளப்புகள். அதுதான் பின்னாளில் 13 பேர் ஆடும் ரக்பி லீக் ஆனது.

போனவர்கள் யார் என்று பார்த்தால் யார்க்‌ஷயர் கோப்பையின் வெற்றிப் பட்டியலே எழுந்து நடந்துபோன மாதிரி இருக்கும். ஹாலிஃபாக்ஸ், வேக்ஃபீல்டு ட்ரினிட்டி, பிராட்ஃபோர்டு, பாட்லி, ஹடர்ஸ்ஃபீல்டு, ஹன்ஸ்லெட். அதே 1895-இல் கோப்பை வென்றிருந்த பிரிக்ஹவுஸ் ரேஞ்சர்ஸும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொண்டது. 1885 இறுதியாட்டத்தில் தோற்ற மானிங்ஹாம், புதிய யூனியனின் முதல் சாம்பியன் ஆனது. 1903-இல் ரக்பியையே விட்டுவிட்டு பிராட்ஃபோர்டு சிட்டி என்ற கால்பந்துக் கிளப்பாக மாறியது தனிக் கதை. லண்டன் சங்கத்தில் 1893-இல் 481 கிளப்புகள் இருந்தன. பத்து வருடத்தில் அது 244 ஆனது. ரக்பி லீக் பக்கம் போய் ஆடியவனுக்கு யூனியனில் ஆயுள் தடை. ஒரே தெருவில் அண்ணன் ஒரு ரக்பி, தம்பி ஒரு ரக்பி என்று ஆன வீடுகளும் உண்டு. 1995 ஆகஸ்ட் கடைசியில், பிளவுக்கு ஏறக்குறைய சரியாக நூறு வருடம் கழித்து, யூனியனும் சம்பளத்துக்கு ஆடலாம் என்று கதவைத் திறந்தது.

இத்தனைக்கும் நடுவில் தகரக் குவளை யூனியன் பக்கமே தங்கிவிட்டது. ஆட்லி மாதிரி யூனியனிலேயே நின்ற ஊர்கள் அதைக் கைவிடவில்லை. ஆட்லி 1889-இல் இந்தக் கோப்பையை வென்ற ஊர். அந்த ஊரின் கிராஸ் கிரீன் மைதானத்தில்தான் 1979 நவம்பரில் வட இங்கிலாந்து அணி நியூசிலாந்தை 21-9 என்று வென்றது. கிளப்பின் பழைய ஆட்களிடம் பேச்சுக் கொடுத்தால் அந்த மழைக்கால மதியத்திலிருந்து வெளியே வர அரைமணி நேரம் ஆகும்.

இன்று இந்தக் கோப்பையில் ஆடுகிற பெரும்பாலோர் வேன் ஓட்டுநர்கள், ஆசிரியர்கள், நர்ஸுகள், மின்பணியாளர்கள். காசு வாங்காமல், காசு கட்டி ஆடுபவர்கள். பணம் கலக்காத தூய விளையாட்டு என்று மார்ஷல் எதைக் காப்பாற்ற நினைத்தாரோ அதைக் கடைசியில் காப்பாற்றி வைத்திருப்பது, அவர் யாரைச் சந்தேகப்பட்டாரோ அந்த மாதிரி வீட்டுப் பிள்ளைகள்தான்.

எனக்கு ஒரு வருத்தம் உண்டு. இப்போது கவுண்டியில் கிளப்புகளைப் படிவாரியாகப் பிரித்துவிடுகிறார்கள். மேலே இருப்பவர்களுக்குக் கோப்பை, கீழே ஷீல்டு, வெள்ளி ட்ராஃபி என்று தனித்தனிப் போட்டிகள். காரணம் நியாயமானதுதான், நான் மறுக்கவில்லை. மேல்படி அணியின் 120 கிலோ ப்ராப்புக்கு எதிரே வாரம் ஒருநாள் பயிற்சி எடுக்கும் பையனை நிறுத்தினால் கழுத்து முறியும். ஆனால் இரண்டு படி வித்தியாசத்தை எங்கள் பிளம்பரே தாங்கினார். இன்னொரு பக்கம், லீக் புள்ளிதான் முக்கியம் என்று கோப்பை ஆட்டத்துக்கு இரண்டாம் அணியை அனுப்புகிற கிளப்புகளும், ஆள் இல்லை என்று முதல்நாள் ராத்திரி போன் செய்து விலகுகிற கிளப்புகளும் பெருகுகின்றன. எதிரணி வராத சனிக்கிழமையில் கோடு போட்ட மைதானத்தைப் பார்த்தபடி நிற்பது என்ன என்று எனக்குத் தெரியும். இறைச்சிப் பை நாற்பது ஆர்டர் செய்திருப்பார்கள், பையன்கள் லீவு சொல்லிவிட்டு வந்திருப்பார்கள்.

படிகளை அடியோடு எடுக்க வேண்டாம். மூன்று படி வரை ஒரே பெட்டியில் போட்டுக் குலுக்கட்டும், அந்தச் சனிக்கிழமைகளில் லீக் ஆட்டம் எதையும் வைக்காமல் விடட்டும், கடைசி நேரத்தில் விலகும் கிளப்புக்கு அடுத்த வருடம் இடம் இல்லை என்று சொல்லட்டும். கிளப் கூட்டத்தில் இதைச் சொன்னேன், எங்கள் செயலாளர் கவுண்டிக்கு எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். இன்றைய ஏற்பாடு 1882-இல் இருந்திருந்தால் தார்ன்ஸைக் கீழ்ப் போட்டி ஒன்றில் சேர்த்திருப்பார்கள். அவர்கள் அதை வென்றும் இருப்பார்கள். வேக்ஃபீல்டு ட்ரினிட்டியோடு மோதும் வாய்ப்பு மட்டும் வந்திருக்காது.